கீமோ மருந்தை உடம்பு எப்படி வெளியேற்றுகிறது: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெல்லிப்பழைக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் மருந்தேற்ற வந்துபோகிற குடும்பங்கள் மருந்தாளரான என்னிடம் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். சில கேள்விகளுக்கு நீளமாகப் பதில் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் அங்கேதான் உயிர் போகிற விஷயம் இருக்கிறது. இதை வாசித்துவிட்டு நீங்களாக டோஸை மாற்ற வேண்டாம். கேட்க வேண்டியதைச் சரியான ஆளிடம், சரியான நேரத்தில் கேட்பதற்காகத்தான் இது.

பக்கத்துக் கட்டில் அக்காவுக்கும் எங்கள் அம்மாவுக்கும் ஒரே மருந்து, ஒரே நாள். அவ நல்லாயிருக்கிறா. அம்மாவுக்கு வாய் முழுக்கப் புண், வயிற்றோட்டம். மருந்து மாறிப் போச்சா?

அநேகமாக மருந்து மாறியிருக்காது. இரண்டு உடம்பும் வேறு வேறு. ஏற்றின மருந்தை ஈரல் உடைக்க வேண்டும், சிறுநீரகமோ பித்தமோ வெளியே தள்ள வேண்டும். இந்த வேலை ஒருவருக்கு வேகமாக நடக்கும், இன்னொருவருக்கு மெதுவாக நடக்கும். மெதுவாக நடந்தால் அதே அளவு மருந்து இரத்தத்தில் கூட நேரம், கூட அளவில் நிற்கும். புற்றுநோய்க் கலத்தைக் கொல்கிற அதே மருந்து வாயின் தோலையும் குடலின் உட்சுவரையும் எலும்பு மச்சையையும் சேர்த்து அரிக்கும். அந்த அக்காவின் உடம்பு மருந்தைச் சீக்கிரம் கழித்துவிடுகிறது, அம்மாவின் உடம்பு பிடித்து வைத்திருக்கிறது, இது ஒரு பெரிய சாத்தியம். வேறு காரணங்களும் இருக்கலாம், ஆனால் இதைக் கேட்காமல் விடக்கூடாது.

உயரமும் நிறையும் பார்த்துத்தானே டோஸ் போடுகிறார்கள்? அது போதாதா?

உயரத்தையும் நிறையையும் வைத்து உடம்பின் மேற்பரப்பைக் கணக்கிட்டு, சதுர மீற்றருக்கு இவ்வளவு மில்லிகிராம் என்று போடுவதுதான் உலகம் முழுக்க உள்ள வழக்கம். அந்தக் கணக்குக்குப் பரவலாகப் பயன்படும் சூத்திரம் 1916-இல் டுபோய்ஸ் என்ற இருவர் வெளியிட்டது. அதற்கு அவர்கள் அளந்தவர்கள் ஒன்பது பேர். ஆரம்ப டோஸுக்கு ஒரு பொதுவான அடித்தளமாக இது இருக்கட்டும், அதில் பிழையில்லை. ஆனால் ஈரலில் ஒரு நொதியம் பாதி வேலைதான் செய்கிறது என்பதை நிறை பார்க்கிற தராசு சொல்லாது. ஒரே உயரம், ஒரே நிறையுள்ள இரண்டு பேருக்கு 5-எஃப்.யு என்ற கீமோ மருந்தை ஒரே அளவில் ஏற்றிவிட்டு இரத்தத்தில் அளந்தால், ஒருவரின் அளவு மற்றவரைவிடப் பல மடங்கு கூடியிருப்பது உண்டு.

அதனால்தான் வேறு குறிகாட்டிகள், அதாவது பயோமார்க்கர்கள், தேவைப்படுகின்றன.

பயோமார்க்கர் என்றால் சி.இ.ஏ மாதிரி கான்சர் இருக்கா என்று பார்க்கிற பரிசோதனையா?

இல்லை, இது வேறு. சி.இ.ஏ கட்டியைப் பற்றிச் சொல்வது. மார்புப் புற்றுநோயில் பார்க்கிற ஹெர்2-உம் கட்டியைப் பற்றியது. நான் இங்கே சொல்வது உங்கள் உடம்பு மருந்தைக் கையாளும் விதத்தைக் காட்டுபவை: பரம்பரையலகில் உள்ள ஒரு எழுத்து மாற்றம், இரத்தத்தில் யுராசில் அளவு, சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினின், ஈரலைக் காட்டும் பிலிருபின், மருந்தின் அளவையே நேரடியாக இரத்தத்தில் பார்ப்பது. இதில் பாதி உங்கள் கிளினிக் கொப்பியில் ஏற்கெனவே எழுதியிருக்கும், யாரும் அதற்குப் பயோமார்க்கர் என்று பெயர் சொல்லியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

5-எஃப்.யு, கப்பெசிட்டபின் குளிசை தருகிறார்கள். முதலில் என்ன பார்க்க வேண்டும்?

டி.பி.டி என்ற நொதியத்தை. குடல், இரைப்பை, மார்பு, தலை கழுத்துப் புற்றுநோய்களில் இந்த மருந்துக் குடும்பம் எங்கும் இருக்கிறது. வெற்றிலை புகையிலையால் வாய்ப் புற்றுநோய் அதிகமாக உள்ள நம் நாட்டில் இதைச் சந்திக்காத குடும்பங்கள் குறைவு. கப்பெசிட்டபின் வாயால் எடுக்கிற குளிசைதானே, லேசான மருந்து என்று பலர் நினைக்கிறார்கள். உடம்புக்குள் போய் அது 5-எஃப்.யு-ஆகத்தான் மாறுகிறது. ஊசியாக ஏறினாலும் குளிசையாக இறங்கினாலும் கதை ஒன்றுதான்.

ஏற்றப்பட்ட 5-எஃப்.யு-இல் 80 வீதத்துக்கு மேல் ஈரலிலுள்ள டி.பி.டி நொதியத்தால் உடைக்கப்படுகிறது. சாதாரணமாக இந்த மருந்து இரத்தத்தில் பத்து இருபது நிமிடத்தில் பாதியாகிவிடும், அதனால்தான் சிலருக்கு இடுப்பில் ஒரு சின்னப் பம்பைக் கட்டி 46 மணித்தியாலம் மெல்ல மெல்ல ஏற்றுகிறார்கள். டி.பி.டி குறைந்தவருக்கு அந்த உடைப்புச் சரியாக நடக்காது. முதல் சுற்றிலேயே, சில வேளை முதல் சில நாட்களிலேயே, வாய் வெந்து, வயிறு ஓடி, வெண்குருதிக் கலங்கள் அடிமட்டத்துக்குப் போய், கிருமித் தொற்றில் உயிரே போய்விடலாம். டி.பி.டி முற்றாக இல்லாதவர்கள் மிக அரிது. பாதி குறைந்தவர்கள் ஐரோப்பியரில் நூற்றுக்கு மூன்று முதல் எட்டுப் பேர் வரை.

ஐரோப்பிய மருந்து முகவரகம் 2020-இல் இந்த மருந்துகளைத் தொடங்கும் முன் டி.பி.டி பார்க்கச் சொல்லிவிட்டது. பிரான்சில் அதற்கு முன்பே கட்டாயமாக்கிவிட்டார்கள். இங்கிலாந்தின் அரச ஆஸ்பத்திரிகளிலும் 2020-இல் வழமையாகிவிட்டது. அதனால்தான் லண்டனில், பாரிஸில் இருக்கும் பிள்ளைகள் போன் எடுத்து "அம்மாவுக்கு அந்த டெஸ்ட் செய்தாச்சா" என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயமான கேள்விதான்.

அந்த டெஸ்டை எப்படிச் செய்வார்கள்? இரத்தம் எடுத்துக் கொழும்புக்கோ இந்தியாவுக்கோ அனுப்பினால் போதுமா?

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று பரம்பரையலகைப் பார்ப்பது. டி.பி.டி-ஐ உண்டாக்கும் டி.பி.வை.டி என்ற அலகில் நன்றாக ஆராயப்பட்ட நான்கு மாற்றங்களைத் தேடுவார்கள். இன்னொன்று இரத்தத்தில் யுராசில் அளவைப் பார்ப்பது. யுராசில் நம் உடம்பில் இயல்பாகவே இருக்கிற பொருள், அதையும் டி.பி.டி-தான் உடைக்கிறது. அது தேங்கியிருந்தால் நொதியம் மந்தம் என்று அர்த்தம். மில்லிலீற்றருக்கு 16 நனோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் பகுதிக் குறைபாடு, 150-ஐத் தொட்டால் முழுக் குறைபாடு என்று எடுத்துக்கொள்வார்கள்.

இங்கேதான் நம் தூரம் குறுக்கே வருகிறது. யுராசில் பார்க்க எடுத்த இரத்தத்தை அறை வெப்பத்தில் வைத்தால் போத்தலுக்குள்ளேயே யுராசில் ஏறிக்கொண்டு போகும். எடுத்து ஒரு மணித்தியாலம் அளவுக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து உறைய வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் காலையில் இரத்தம் எடுத்துவிட்டு இரவு பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்பினால், ஒரு குறையும் இல்லாத ஆளுக்குக் குறைபாடு என்று ரிப்போர்ட் வரும், டோஸைத் தேவையில்லாமல் குறைத்துவிடுவார்கள். சிறுநீரகம் பழுதானவருக்கும் யுராசில் பொய்யாக ஏறும். டி.என்.ஏ பரிசோதனைக்கு இந்தத் தொல்லை இல்லை, டி.என்.ஏ அப்படிச் சீக்கிரம் கெட்டுப்போகாது, பயணத்தைத் தாங்கும். யாழ்ப்பாணத்திலிருந்து மாதிரி அனுப்புவதென்றால் நான் டி.என்.ஏ பரிசோதனையைத்தான் சொல்வேன். பணம் கட்டும் முன், முடிவு வர எத்தனை நாள் என்று கேளுங்கள். அத்தனை நாள் மருந்தைத் தள்ளிப்போடலாமா என்பதை வைத்தியர் சொல்லட்டும்.

அந்த நான்கு மாற்றங்களும் வெள்ளைக்காரரில் கண்டுபிடித்தவைதானே? எங்களுக்குப் பொருந்துமா?

நல்ல கேள்வி, இதைக் கேட்பவர்கள் குறைவு. அந்த நான்கில் ஹெப்பி3 எனப்படுவது தெற்காசியர்களிடமும் ஓரளவு காணப்படுகிறது, மற்ற மூன்றும் நம்மிடம் அரிது. ஆகவே நான்கும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தால் ஆபத்து குறைந்தது என்று எடுக்கலாம், ஆபத்தே இல்லை என்று எடுக்கக்கூடாது. அலகு முழுவதையும் வாசிக்கிற பரிசோதனை என்றால் நம்மவருக்குக் கூடப் பயன். எந்த ரிப்போர்ட் வந்தாலும் முதல் சுற்றின் முதல் இரண்டு கிழமை கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

இன்னொன்று. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இந்த அலகின் இரண்டு பிரதி நமக்கு இருக்கிறது. ஒரு பிரதி பழுது என்றால் பகுதிக் குறைபாடு, இரண்டும் பழுது என்றால் கடும் குறைபாடு. மச்சான் மச்சாள் கல்யாணம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. தாயும் தகப்பனும் நெருங்கிய சொந்தம் என்றால் ஒரே பழுதான பிரதி இரண்டு பக்கத்தாலும் வந்து சேரும் வாய்ப்புக் கூட. அம்மா அப்பா சொந்தத்துக்குள் முடித்தவர்கள் என்றால் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள், வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

டோஸைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். கைவிட்டுவிட்டார்களா?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்கும்போது சனத்துக்குக் குரல் இறங்கிவிடும். இல்லை, கைவிடவில்லை. இதை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள்: மருந்து வேலை செய்வது சீட்டில் எழுதிய மில்லிகிராமால் அல்ல, இரத்தத்தில் எவ்வளவு, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதால். வாய்க்கால் பாதி அடைபட்டிருந்தால் பாதித் தண்ணீர் விட்டாலே பாத்தி நிறையும், முழுவதும் விட்டால் பயிர் அழுகும். மெதுவாக வெளியேற்றுகிறவருக்குப் பாதி டோஸ் கொடுத்தால், மற்றவருக்கு முழு டோஸில் கிடைக்கும் அதே அளவு அவருடைய இரத்தத்தில் நிற்கும். அதுதான் அவருக்கு முழு டோஸ்.

நெதர்லாந்தில் செய்த ஆய்வொன்று 2016-இல் வெளிவந்தது. டி.பி.வை.டி 2ஏ என்ற மாற்றம் உள்ளவர்களுக்கு முன்பெல்லாம் முழு டோஸ் கொடுத்தபோது 73 வீதமானோருக்குக் கடுமையான பக்கவிளைவு வந்திருந்தது. பரிசோதித்து, சுமார் பாதியாகக் குறைத்துக் கொடுத்தபோது அது 28 வீதமாகிவிட்டது. குறைத்துக் கொடுத்தும் அவர்களின் இரத்தத்தில் மருந்து மற்றவர்களுடைய அளவுக்கு ஒத்ததாகவே இருந்தது. குறைத்துத் தொடங்கி, முதல் இரண்டு சுற்றையும் தாங்கினால் மெல்ல ஏற்றுவதும் உண்டு. அப்படி ஏற்றுவார்களா என்று கேளுங்கள்.

முழு டோஸில் ஒரு சுற்று போட்டு, மூன்று கிழமை வாட்டில் கிடந்து, அடுத்த சுற்றே வேண்டாம் என்று ஓடிப்போன ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த மருந்து மொத்தத்தில் எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள்.

இரினோடீக்கன் ஏற்றப் போகிறார்கள். அப்பாவுக்கு விரத நாளில் கண் கொஞ்சம் மஞ்சளாகும். சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்லுங்கள். பட்டினி கிடக்கும்போது கண் மஞ்சளிப்பது, ஈரல் பரிசோதனையில் மற்றதெல்லாம் சரியாக இருந்து பிலிருபின் மட்டும் கொஞ்சம் கூட நிற்பது, இது கில்பேர்ட் என்கிற பாதிப்பில்லாத நிலையாக இருக்கலாம். அன்றாட வாழ்க்கைக்கு அதனால் ஒன்றும் இல்லை. ஆனால் பிலிருபினை வெளியேற்றும் அதே நொதியந்தான், யு.ஜி.டி.1ஏ1, இரினோடீக்கனிலிருந்து உண்டாகும் வீரியமான பொருளையும் வெளியேற்றுகிறது. அந்த அலகில் 28 என்று இலக்கமிட்ட மாற்றம் இரண்டு பிரதியிலும் இருந்தால் மருந்து தேங்கி, வெண்குருதிக் கலங்கள் விழுந்து, கடும் வயிற்றோட்டம் வரும். அமெரிக்காவில் 2005-இலேயே மருந்தின் விபரத் தாளில் இந்த எச்சரிக்கையைச் சேர்த்துவிட்டார்கள். இந்த மாற்றம் தெற்காசியர்களிடம் பரவலாக உள்ளது, அதனால் நமக்கு இது தள்ளிவிடக்கூடிய விஷயம் அல்ல. இரண்டு பிரதியிலும் உள்ளவருக்கு 70 வீத டோஸில் தொடங்கச் சொல்லும் வழிகாட்டல் இருக்கிறது.

கந்தசஷ்டி ஆறு நாளும் பட்டினி இருப்பேன், நல்லூர்த் திருவிழா முடியும்வரை ஒரு நேரச் சாப்பாடுதான் என்று நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். நம்பிக்கையை நான் மதிக்கிறேன், என் வீட்டிலும் விரதம் உண்டு. ஆனால் மருந்தேற்றும் கிழமையில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது சிறுநீரகத்தைக் காய வைக்கும், கப்பெசிட்டபின் குளிசை சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டியது. விரதத் திகதியைக் கிளினிக்கில் முன்கூட்டியே சொன்னால் ஏற்றுகிற நாளை மாற்ற முடியுமா என்று பார்ப்பார்கள்.

பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய். ஒவ்வொரு இரவும் மேர்கப்டோபியூரின் குளிசை. ஏன் அடிக்கடி அளவை மாற்றுகிறார்கள்?

50 மில்லிகிராம் குளிசையை அரையாக, காலாக உடைத்து, திங்களுக்கு ஒரு அளவு செவ்வாய்க்கு ஒரு அளவு என்று கலண்டரில் எழுதி ஒட்டி வைத்திருக்கிற தாய்மாரைத் தெரியும். அவர்கள் செய்வது மிக நுட்பமான வேலை. இந்த மருந்தை இரண்டு நொதியங்கள் கட்டுப்படுத்துகின்றன: டி.பி.எம்.டி, என்.யு.டி.டி.15. முதலாவதில் குறைபாடு ஐரோப்பியரிடம் கூட, இரண்டாவதில் குறைபாடு கிழக்காசியரிடமும் தெற்காசியரிடமும் கூட. 2014-இல்தான் இந்த என்.யு.டி.டி.15 மாற்றம் வெளிச்சத்துக்கு வந்தது. அதுவரை நம் பிராந்தியப் பிள்ளைகள் பலருக்கு டி.பி.எம்.டி சரியாக இருந்தும் குருதிக் கலங்கள் ஏன் விழுகின்றன என்பது புதிராகவே கிடந்தது.

இரண்டு பிரதியிலும் அந்த மாற்றம் உள்ள பிள்ளை தாங்குவது வழமையான டோஸின் பத்தில் ஒரு பங்கு அளவுதான், அதற்கும் குறைவாகவும் இருக்கலாம். அந்தச் சின்ன அளவிலேயே மருந்து அவனுக்கு வேலை செய்கிறது. ஆகவே டெஸ்ட் செய்ய வாய்ப்பிருந்தால் இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள், டி.பி.எம்.டி மட்டும் பார்த்துவிட்டு நல்லது என்று நிறுத்த வேண்டாம். வாய்ப்பில்லை என்றால் கிளினிக்கில் சொல்கிற நாளில் குருதிக் கல எண்ணிக்கை பார்ப்பதைத் தவற விடாதீர்கள், அதை வைத்துத்தான் வைத்தியர் அளவைப் பிடிக்கிறார். யூரிக் அமிலத்துக்கு எடுக்கிற அல்லோபியூரினோல் இதோடு சேர்ந்தால் மேர்கப்டோபியூரினை கால், மூன்றில் ஒன்று என்ற அளவுக்குக் குறைக்க வேண்டியிருக்கும், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மெதோட்ரெக்சேட் ஏற்றிவிட்டுத் திரும்பத் திரும்ப இரத்தம் எடுக்கிறார்களே, பிள்ளை அழுகிறது.

பெரிய டோஸில் ஏற்றினால் அது தவிர்க்க முடியாதது. இந்த மருந்து சிறுநீரகத்தாலேயே போக வேண்டும். 24, 48, 72 மணித்தியாலத்தில் இரத்தத்திலுள்ள அளவைப் பார்த்து, இறங்கவில்லை என்றால் அதன் பாதிப்பைத் தணிக்கும் ஃபோலினிக் அமிலத்தைக் கூட்டுவார்கள், சேலைன் கூட ஏற்றுவார்கள். சோடியம் பைகாபனேற் கொடுத்துச் சிறுநீரைக் காரமாக வைத்திருப்பதும் மருந்து சிறுநீரகத்தில் படிகமாகாமல் இருக்கத்தான். எல்லாம் கைமீறினால் குளுகார்பிடேஸ் என்று நச்சை முறிக்கும் ஒரு மருந்து 2012 முதல் இருக்கிறது, ஆனால் அது கையிருப்பில் வைத்திருக்கிற சாமான் அல்ல, விலையோ கேட்கவே முடியாது. முன்கூட்டியே பிடிப்பதுதான் வழி.

நீங்கள் பார்க்கக்கூடியது ஒன்று: இரத்தம் எடுத்த நேரம் போத்தலில் சரியாக எழுதியிருக்கிறதா, மருந்து ஏறின அதே குழாயிலிருந்து எடுக்காமல் வேறு இடத்தில் எடுக்கிறார்களா. அதே குழாய் என்றால் ஒட்டியிருந்த மருந்து கலந்து அளவு பொய்யாகக் கூடும். தாதி மிஸ்ஸிடம் மரியாதையாகக் கேளுங்கள், கோபிக்க மாட்டார்கள். அந்த நாட்களில் டைக்குளோபினாக் போன்ற நோவுக் குளிசை, ஒமிப்ரசோல் போன்ற காஸ்ரிக் குளிசை, கோட்ரிமொக்சசோல், இவை மெதோட்ரெக்சேட் போகிற பாதையை மறிக்கும். வைத்தியர் சொல்லாமல் வீட்டுப் பெட்டியிலிருந்து எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

அம்மம்மாவின் கிரியேட்டினின் குறைந்துவிட்டது. சிறுநீரகம் நல்லாகிவிட்டதுதானே?

அவசரப்படாதீர்கள். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. சாப்பிட முடியாமல் தசை கரைந்தால் அதுவும் குறையும், சிறுநீரகம் இருந்த மாதிரியே இருக்கும், இன்னும் மோசமாகக்கூட இருக்கும். கார்போபிளாற்றின் போடும்போது இது நேரடியாக டோஸில் போய் விழுகிறது, ஏனென்றால் அந்த மருந்துக்கு மேற்பரப்புக் கணக்கு கிடையாது. 1989-இல் வந்த கால்வேர்ட் சூத்திரப்படி, சிறுநீரக வடிகட்டல் வேகத்தோடு 25-ஐக் கூட்டி, அதை இரத்தத்தில் மருந்து நிற்க வேண்டிய இலக்கால் (ஏ.யு.சி) பெருக்குவார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 65 வயது அம்மா, 50 கிலோ, கிரியேட்டினின் டெசிலீற்றருக்கு 0.9 மில்லிகிராம். வழமையான கொக்குரொஃப்ட் கணக்கில் வடிகட்டல் நிமிடத்துக்கு 49 மில்லிலீற்றர் அளவு வரும். இலக்கு 5 என்றால் டோஸ் சுமார் 371 மில்லிகிராம். இரண்டு மாதம் கஞ்சியும் தேத்தண்ணியுமாகப் போய் நிறை 45-க்கு இறங்கிவிட்டது, கிரியேட்டினின் 0.6. இப்போது அதே கணக்கு வடிகட்டல் 66 என்று சொல்லும், டோஸ் 457-க்கு ஏறும். அம்மா மெலிந்து பலவீனமாகியிருக்கிறா, மருந்தோ கூடியிருக்கிறது! இதற்காகத்தான் பல நிலையங்களில் கிரியேட்டினின் 0.7-க்குக் கீழே போனாலும் 0.7 என்றே வைத்துக் கணக்கிடுகிறார்கள். அப்படிச் செய்தால் இந்த அம்மாவுக்கு 410 வரும், அதுகூட முதலில் கொடுத்ததைவிடக் கூடத்தான்.

ஆகவே நிறை குறைந்தால், சாப்பாடு இறங்காவிட்டால் அதை வாயால் சொல்லுங்கள். கொப்பியில் எழுதிய பழைய நிறையையே திருப்பி எழுத விடாதீர்கள், ஒவ்வொரு முறையும் தராசில் ஏற்றச் சொல்லுங்கள். தசையைப் பெரிதாகச் சாராத சிஸ்டட்டின் சி என்ற இரத்தப் பரிசோதனையும் உண்டு, சந்தேகமான இடத்தில் உதவும், ஆனால் டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீரொயிட் எடுப்பவர்களில் அது கூடிக் காட்டும். நீரிழிவுக்காரர் நம்மில் எவ்வளவு பேர் என்று சொல்லத் தேவையில்லை. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோயும் இருக்கிறது, அந்தப் பக்கத்தால் வருபவர்கள் முன்பு எடுத்த ரிப்போர்ட்களையும் கட்டாகக் கொண்டு வாருங்கள்.

ஈரல் டெஸ்டும் ஒவ்வொரு முறையும் வேண்டுமா?

டொக்சோரூபிசின், டோசிடாக்செல், வின்கிறிஸ்டின் போன்றவை ஈரல் வழியாகப் போகிறவை. பிலிருபின் கூடினால் டோஸ் குறையும். டொக்சோரூபிசினுக்கு, பிலிருபின் டெசிலீற்றருக்கு 1.2 முதல் 3 மில்லிகிராம் வரை என்றால் பாதி டோஸ், அதற்கு மேல் 5 வரை என்றால் கால். மலிவான பரிசோதனை, அதைத் தவற விடக் காரணமே இல்லை.

நாட்டு மருந்து, பச்சை இலைச் சாறு கொடுக்கலாமா?

முருங்கையிலைச் சுண்டல், வல்லாரைச் சம்பல், கீரைக் கறி, இவற்றைச் சாப்பாடாகச் சாப்பிடுவதைப் பற்றி நான் பேசவில்லை, அது நல்லது. மருந்து என்று செறிவாக்கிக் குடிப்பதுதான் பிரச்சினை. ஒரு மூலிகை கீமோவின் வெளியேற்றத்தை மாற்றும் என்பதற்குத் தெளிவான சாட்சி இருக்கிறது: மனச்சோர்வுக்கு மேல்நாட்டில் எடுக்கிற சென் ஜோன்ஸ் வோர்ட் என்ற செடி, இரினோடீக்கனின் வீரியப் பொருளை இரத்தத்தில் 42 வீதம் குறைத்தது. அதாவது மருந்து ஏறியும் பாதி ஏறாத மாதிரி. நம் பக்கத்தில் ஆடுதின்னாப்பாளை இனத்துச் செடிகளில் அரிஸ்டொலொக்கிக் அமிலம் உண்டு, சிறுநீரகத்தை நிரந்தரமாகக் கெடுக்கும். காமரங்காய் என்கிற நட்சத்திரப்பழச் சாற்றை வெறும் வயிற்றில் பெருமளவு குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் இலங்கையிலேயே உண்டு. பம்ளிமாஸ் பழம் ஈரலின் மருந்து உடைக்கும் நொதியத்தைத் தடுக்கக்கூடியது, ஏற்றும் கிழமைகளில் தவிர்த்துவிடுங்கள்.

சித்த வைத்தியரிடம் போகிறீர்கள் என்றால் போங்கள், ஆனால் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு பக்கத்து மருந்தையும் காட்டுங்கள். பயந்து ஒளித்தால் கிரியேட்டினின் ஏன் ஏறியது என்று யாருக்கும் விளங்காது. ஆங்கில மருந்திலும் இதே கதைதான்: இரத்தம் உறையாமல் எடுக்கிற வோர்ஃபரின், வலிப்புக்கான பெனிற்ரோயின், இரண்டும் கப்பெசிட்டபினோடு சேர்ந்தால் ஆபத்தாகக் கூடும். வீட்டில் எடுக்கிற எல்லாக் குளிசைக் கார்ட்டையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள், பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

டெஸ்ட் ஒன்றும் செய்யாமலே கப்பெசிட்டபின் தொடங்கியாயிற்று. இப்போது என்ன செய்வது?

பயப்பட வேண்டாம், பெரும்பாலானவர்கள் தாங்குகிறார்கள். ஆனால் கவனியுங்கள். வழமையைவிட ஒரு நாளில் நான்கு தடவையோ அதற்கு மேலோ வயிறு ஓடினால், வாய்ப் புண்ணால் சாப்பிட முடியாவிட்டால், சத்தி நிற்காவிட்டால், குளிசையை நிறுத்திவிட்டு உடனே அழையுங்கள். அடுத்த கிளினிக் வரும்வரை காத்திருக்க வேண்டாம், பெட்டியிலுள்ள குளிசையை வீணாக்கக் கூடாது என்று தொடரவும் வேண்டாம். தண்ணீருக்கு ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசல் பைக்கற், உப்புக் கஞ்சி. காய்ச்சல் 38 பாகை, அதாவது பரனைற்றில் 100.4, தொட்டால் இரவு இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பனடோல் போட்டுக் காய்ச்சலை அமத்திவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். போனவுடன் வாசலிலேயே "கீமோ எடுக்கிறவர்" என்று சொல்லுங்கள். 5-எஃப்.யு தேங்கியதற்கு யூரிடின் ட்ரைஅசிற்றேற் என்ற, நச்சை முறிக்கும் மருந்து இருக்கிறது, கடைசி டோஸிலிருந்து 96 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். மிக விலை கூடியது, இங்கே அதை நம்பி இருக்க முடியாது. சொல்வதற்குக் காரணம், கடைசி டோஸுக்குப் பிந்திய நாலு நாள் அறிகுறி எவ்வளவு முக்கியம் என்று தெரிய வேண்டும் என்பதற்காக.

முதல் சுற்றில் கடுமையாக வருந்தியவருக்கு, இரண்டாவது சுற்றுக்கு முன் டி.பி.டி பார்க்க முடியுமா என்று கேட்பதற்கு இன்னும் காலம் போகவில்லை.

எனக்குக் குறைபாடு என்று வந்துவிட்டது. தம்பி தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள். ஒரு பிரதியில் மாற்றம் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போயிருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு, கூடப்பிறந்தவர்களுக்கும் ஏறத்தாழ அப்படித்தான். அவர்களுக்கு இதனால் நோய் ஒன்றும் இல்லை, புற்றுநோய் வரும் என்றும் அர்த்தமில்லை, கல்யாணம் பேசுகிற இடத்தில் இதைக் குறையாக எடுக்க ஒரு காரணமும் இல்லை. ஒருநாள் அவர்களில் யாருக்காவது 5-எஃப்.யு குடும்பத்து மருந்து தேவைப்பட்டால் மட்டும் இது உதவும். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்துக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டு வையுங்கள், உங்கள் கிளினிக் கொப்பியின் முன்மட்டையில் மாற்றத்தின் பெயரையும் டோஸ் குறைத்த அளவையும் சிவப்பு மையால் எழுதச் சொல்லுங்கள். மகரகமவுக்கு மாற்றினாலும், சென்னைக்குப் போனாலும், அந்த மட்டையை முதலில் காட்டுங்கள்.